யார் நடக்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார்: ஜனவரி டிஸ்னி பயணத்துக்குப் பெட்டி கட்டுவது

ஃப்ளோரிடாவில் டிஸ்னி பூங்காக்கள் இருக்கும் ஆர்லாண்டோவுக்கு ஜனவரியில் போவதாக இருந்தால், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். கூட வருகிறவர்களில் யார் நாள் முழுக்க நடப்பார்கள், யார் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் ஒரு பக்கம் நானும் என் கணவரும் ஒன்பது வயது மகளும். மறுபக்கம் மூன்று வயது மகனும், எங்களோடு இருக்கக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அத்தையும். பெட்டியில் முக்கால்வாசி இடம் அந்த மறுபக்கத்து இரண்டு பேருக்குத்தான் போக வேண்டும்.

இதை நான் முதல் பயணத்தில் கற்றுக்கொண்டேன். ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை, அதை ஒட்டி நான்கு நாள். நாங்கள் இருக்கும் நியூஜெர்சியில் பனி. ஃப்ளோரிடாதானே, அரைக்கை போதும் என்று எங்கள் ஊர் எடிசனில் தோழிகள் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். சனிக்கிழமை அப்படித்தான் இருந்தது. மதியம் 80 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 27 செல்சியஸ். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அடித்து ஊற்றியது. மழை விட்டதும் வானம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்தது. அதற்குப் பிறகு காற்று. இரவு ஏழு மணிக்கு 46 டிகிரி, 8 செல்சியஸ்.

டிஸ்னியின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில், கோட்டைக்கு எதிரே வாணவேடிக்கைக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே இடம் பிடித்திருந்தோம். காலையிலிருந்து ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தைத் தள்ளுவண்டியை, தள்ளிக்கொண்டு நடந்த எனக்குக் குளிர் பெரிதாகத் தெரியவில்லை. குனிந்து சின்னவன் காலைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. நடைபாதை ஓரத்தில் பைகளோடு உட்கார்ந்திருந்த அத்தைக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ கொழந்தையப் பாரு. மார்கழியில நாலு மணிக்கு எழுந்து கோலம் போட்டவ நான்" என்றார். கும்பகோணத்து மார்கழியில் இருபது டிகிரி செல்சியஸ் இருக்கும். இது எட்டு, கூடவே காற்று. வாணவேடிக்கை தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டோம். மகள் வழியெல்லாம் அழுதாள். அந்த அழுகைக்காகத்தான் அடுத்த முறையிலிருந்து முறையாகப் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஜனவரியில் ஆர்லாண்டோவின் சராசரி, பகலில் 72 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கம், இரவில் 50. செல்சியஸில் 22ம் 10ம். இந்தச் சராசரியை வைத்துப் பெட்டி கட்டினால் ஏமாந்து போவோம். சில நாள் 80 தொடும், சில விடியற்காலை உறைநிலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இரண்டும் ஒரே வாரத்தில் வரும்.

காரணம் வடக்கிலிருந்து இறங்கும் குளிர்முகம், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு. அது வருவதற்கு முந்தின நாள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வீசும், பிசுபிசுக்கும். குளிர்முகம் கடக்கும்போது மழை, சில சமயம் இடி. கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பிவிடும், ஈரம் போய்விடும், வெயில் அடித்தாலும் குளிரும். நம் ஆட்களுக்குச் சொல்வதென்றால், தென்றல் அடிக்கிற நாளில் அரைக்கை, வாடை திரும்பிவிட்டால் கம்பளி. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் மணிவாரியாக ஒரு வரைபடம் உண்டு. டிஸ்னி பூங்காக்கள் இருக்கும் பே லேக் அல்லது லேக் புவெனா விஸ்டா என்று ஊரைக் கொடுத்து, காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது மூன்றையும் பாருங்கள். அதற்குக் கீழே காற்றின் திசையும் வேகமும் இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். பத்து நாள் முன்னால் பார்த்த கணிப்பை வைத்து எதையும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்ப்பது ஓரளவு நம்பத் தகுந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் குளிர் புதிதில்லை. டிஸ்னிக்கு மேற்கே லேக் கவுண்டி முழுக்க ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டம். 1983 டிசம்பர், 1985 ஜனவரி, 1989 டிசம்பர் என்று மூன்று முறை உறைபனி வந்து மரங்களைக் கொன்றது. பல தோட்டங்களை மறுபடி நடவே இல்லை, வீட்டுமனை போட்டுவிட்டார்கள். வாடகைக் காரில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தைக்கு அதைச் சொல்லுவேன். தோப்பு அழிந்து மனையாவதைக் காவிரிக்கரையில் பார்த்தவர் அவர்.

அடுக்கு அடுக்காக

தடிமனான கோட் ஒன்றும் உள்ளே ஒரு டி-ஷர்ட்டும் என்று எடுத்துப் போகாதீர்கள். அது நியூஜெர்சிக்குச் சரி. பூங்காவில் பதினோரு மணிக்கு அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு நாள் முழுக்க யார் சுமப்பது? நான் ஒவ்வொருவருக்கும் வைப்பது நான்கு அடுக்கு. உள்ளே அரைக்கை டி-ஷர்ட். அதற்கு மேல் மெல்லிய முழுக்கை தெர்மல், குளிருக்கென்றே செய்த ஒட்டிய சட்டை. அதற்கு மேல் முன்பக்கம் ஜிப் வைத்த ஃபிளீஸ், கம்பளி மாதிரி மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய மழைச் சட்டை. ஃபிளீஸில் ஜிப் முக்கியம். தலைவழியாகக் கழற்றும் ஸ்வெட்டரை வரிசையில் நின்றுகொண்டு, கண்ணாடி போட்ட பிள்ளைக்கு, தலையில் மிக்கி காது வேறு மாட்டியிருக்கும்போது கழற்ற முடியாது. ஜிப் இருந்தால் பாதி திறந்துவிட்டாலே உடம்பு ஆறிவிடும்.

அந்த மழைச் சட்டையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மழை இல்லாத நாளிலும் அதுதான் குளிரைத் தடுக்கிறது. ஃபிளீஸுக்குள் காற்று சல்லடையில் புகுந்த மாதிரி போகும். மேலே மெல்லியதாக ஒரு காற்றுத் தடுப்பு இருந்தால் அதே ஃபிளீஸ் இரண்டு மடங்கு வேலை செய்யும்.

பருத்தி ஹூடியும் ஜீன்ஸும் நனைந்தால் ஓட்டல் அறையில் ஓரிரவில் காயாது. ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான்கு நாளுக்கு ஆளுக்கு இரண்டு பேன்ட், இரண்டுமே சட்டென்று காயும் துணி. காலுறை மட்டும் கணக்குப் பார்க்காமல் வையுங்கள், நாளுக்கு இரண்டு ஜோடி. மதியம் காலுறை மாற்றினால் பிள்ளைகள் இன்னும் இரண்டு மணி நேரம் முணுமுணுக்காமல் நடப்பார்கள்.

வாடகைக் காரில் குழந்தை இருக்கை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சு அடைத்த கோட்டோடு குழந்தையை உட்கார வைத்து வார் மாட்டக் கூடாது. மோதல் நேர்ந்தால் பஞ்சு அமுங்கி வார் தொளதொளத்துவிடும். ஃபிளீஸோடு மாட்டி, மேலே போர்வை போர்த்துங்கள்.

அத்தையின் புடவை

அத்தை புடவைதான் கட்டுவார். சுடிதார் வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "அறுபத்தெட்டு வயசுல எனக்கு எதுக்கும்மா அது" என்று சிரித்துவிட்டார். அவருக்கு எது வசதியோ அதற்குள்தான் சூட்டை அமைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பெரியவர்களை அழைத்துப் போகும் மருமகள்களும் மகள்களும் நிறையப் பேர் என்னிடம் கேட்பது இதைத்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பருத்திப் புடவை வேண்டாம். சுங்குடி, செட்டிநாடு எதுவாக இருந்தாலும், தேங்கிய தண்ணீரில் கரை பட்டால் முழங்கால் வரை ஈரம் ஏறிவிடும், இரவு வரை காயாது. சின்தடிக் கிரேப் உதறினால் காய்ந்துவிடும், எடையும் குறைவு. கட்டும்போது வழக்கத்தைவிட இரண்டு விரல் உயரமாகக் கட்டச் சொன்னேன். ஸ்ட்ரோலர் சக்கரத்தில் மாட்டாது, படகுச் சவாரியில் ஏறி இறங்கவும் வசதி.

பாவாடைக்கு உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ். இதற்கு முதலில் மறுத்தார். ஒருநாள் எடிசனில் கோயிலுக்குப் போகும்போது போட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு மறுக்கவில்லை. ரவிக்கைக்கு உள்ளே போட முழுக்கை தெர்மல், கழுத்து அகலமாக வெட்டியது, ரவிக்கைக்கு வெளியே எட்டிப் பார்க்காத நிறம். ஊரில் தைத்த ரவிக்கை அதற்கு மேல் பிடிக்கும், அதனால் கிளம்பும் முன் ஒரு தையலைப் பிரித்துத் தளர்த்தி வைத்தேன். மேலே ஜிப் ஃபிளீஸ். முந்தானையை ஃபிளீஸுக்கு உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்பது அவரவர் விருப்பம். உள்ளே விட்டு இடுப்பில் செருகினால் அதுவே இன்னொரு அடுக்கு. காலுக்குக் கம்பளிக் காலுறை, ரப்பர் அடி கொண்ட ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம். தலைக்குக் குல்லாவைவிட காதை மூடும் மஃப்ளர் அவருக்குப் பிடித்திருந்தது, கொண்டை கலையாது.

இன்னொன்று, உட்காரும் இடம். கல் மேடையும் இரும்பு பெஞ்சும் கீழிருந்து குளிரை ஏற்றும். யோகா பாயில் பழையது ஒன்றை ஒன்றரை அடிக்கு வெட்டி எடுத்துப் போனேன். எடை இல்லை, சுருட்டிப் பையில் செருகலாம், ஈர பெஞ்சிலும் போடலாம். நான் எடுத்துப் போன பொருள்களில் அத்தை ஊருக்கே கொண்டுபோனது அதை மட்டும்தான்.

ஸ்ட்ரோலருக்குள் இருக்கும் பிள்ளை

குழந்தை அசைவதில்லை. நமக்கு வேர்க்கிறது என்று அவன் ஃபிளீஸையும் கழற்றிவிடாதீர்கள். கழுத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பாருங்கள், அங்கே கதகதப்பாக இருந்தால் போதும். காலுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் போர்வை, இரண்டு துணி கிளிப் போட்டு ஸ்ட்ரோலர் கம்பியில் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கரத்தில் சுற்றும்.

சவாரிக்குப் போகும்போது ஸ்ட்ரோலரை வெளியே அதற்கான இடத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும். நாம் விட்ட இடத்திலேயே அது இருக்காது, ஊழியர்கள் ஒழுங்குபடுத்தி நகர்த்தி வைப்பார்கள். அது வழக்கமான வேலை, பயப்பட வேண்டாம். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு ரிப்பன் கட்டுங்கள். போர்வையை மட்டும் அதில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்து நிமிடத் தூறலில் நனைந்துவிட்டால் அன்றைக்கு வேறு போர்வை கிடையாது. நான் அதை ஜிப்லாக் பையில் போட்டு என் தோள்பைக்கு மாற்றிவிடுவேன். ஸ்ட்ரோலருக்கான பிளாஸ்டிக் மழை உறையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், காற்றுக்கும் அது நல்ல மறைப்பு. வாடகைக்கு எடுக்காமல் சொந்த ஸ்ட்ரோலர் கொண்டுபோகிறவர்கள் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல் டிஸ்னி பூங்காக்களில் அனுமதி இல்லை.

நான்கு பூங்காவிலும் குழந்தைப் பராமரிப்பு மையம் உண்டு. உடை மாற்ற, பால் கொடுக்க, கொஞ்ச நேரம் கதகதப்பாக உட்கார. உள்ளே நுழைந்ததும் வரைபடத்தில் அது எங்கே என்று பார்த்து வைத்துவிடுங்கள்.

குளிர் கடிக்கும் இடங்கள்

எல்லா இடத்திலும் ஒரே குளிர் இல்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேஜிக் கிங்டம் போகப் படகும் உண்டு, மோனோரயிலும் உண்டு. ஏரிக்காற்று ஊதும் காலையில் மோனோரயிலில் ஏறுங்கள். விலங்குகள் இருக்கும் பூங்காவான அனிமல் கிங்டத்தின் சஃபாரி வண்டி பக்கவாட்டில் திறந்தது, இருபது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஓடும். குளிர்ந்த காலையில் விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும் என்று விடிந்ததும் போவோம். பெரியவரையும் குழந்தையையும் இருக்கையின் நடுவில் உட்கார வைத்து, இரு ஓரங்களிலும் நாம் உட்கார வேண்டும். எப்காட் என்ற பூங்காவில் பதினோரு நாட்டு அரங்குகளும் ஓர் ஏரியைச் சுற்றி இருக்கின்றன, சுற்று வட்டம் ஒன்றேகால் மைலுக்குக் கிட்ட. ஜனவரியில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அங்கே நடக்கத் தொடங்கும் முன்பே ஃபிளீஸை மாட்டிவிடுங்கள், குளிர்ந்த பிறகு மாட்டினால் சூடாக நேரம் பிடிக்கும்.

நடுங்கினால் ஒதுங்க இடம் வேண்டும். மேஜிக் கிங்டத்தில் கரோசல் ஆஃப் பிராகிரஸ் என்ற அரங்கக் காட்சி, இருபது நிமிடம் உள்ளேயே உட்காரலாம். எப்காட்டில் லிவிங் வித் த லேண்ட் என்ற படகுச் சவாரி கண்ணாடிப் பசுமைக் குடில்கள் வழியே போகிறது, உள்ளே காய்கறிச் செடிகள். அத்தை அதில் இரண்டு முறை போனார். மண்ணில்லாமல் தொங்கவிட்டு வளர்க்கும் செடிகளைக் காட்டி, வேருக்கு எப்படித் தண்ணீர் போகிறது என்று மகளிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

நனைக்கும் சவாரிகளைப் பற்றி என் முடிவு கண்டிப்பானது. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே என்றால் கிடையாது. அதற்கு மேலே என்றால், மாற்றுத் துணி முழு செட், உள்ளாடை உட்பட, கையில் இருந்தால் மட்டும். நீச்சலுடையை ஆனால் விட்டுவிடாதீர்கள். டிஸ்னி ஓட்டல்களின் நீச்சல்குளம் சூடாக்கப்பட்டது. நியூஜெர்சிப் பிள்ளைகள் 60 டிகிரியிலும் குதிப்பார்கள். வெளியே வந்து அறைக்கு நடக்கும் தூரம்தான் ஆபத்து, அதற்கு ஃபிளீஸும் குல்லாவும் துண்டுக்குள் சுருட்டி வைத்திருங்கள்.

பையும் பொட்டலமும்

பிள்ளைகளின் துணியை நாள்வாரியாகப் பெரிய ஜிப்லாக் பைகளில் போட்டு, மேலே பெயரும் நாளும் எழுதுவேன். உள்ளே டி-ஷர்ட், தெர்மல், பேன்ட், உள்ளாடை, இரண்டு காலுறை. முந்தின இரவு மணிவாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பையில் ஒன்றைக் கூட்டுவேன், ஒன்றைக் குறைப்பேன். காலையில் அவரவர் பையை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஈரத்துணி அதே பைக்குள் திரும்பிவிடும்.

பூங்காவுக்குள் இரண்டு பை. ஒன்று என் தோளில்: மழைச் சட்டைகள், போர்வை, காலுறைகள், மருந்து, பவர் பேங்க். நுழைவுச் சீட்டும் காத்திருப்பு நேரமும் எல்லாம் கைபேசிக்குள்தான், குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும். பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. இன்னொரு பையில் ஃபிளீஸ், மஃப்ளர், கையுறை என்று ராத்திரிக்கானவை. வெதுவெதுப்பான நாளில் அதை நுழைவாயிலுக்குப் பக்கத்தில் உள்ள லாக்கரில் வைத்துவிட்டு ஐந்து மணிக்கு எடுத்துக்கொள்வோம். லாக்கர் வாடகை, உள்ளே ஒரு ஸ்வெட்டர் வாங்கும் விலைக்கு மிகவும் குறைவு. முதல் பயணத்தில் கடைசி நேரத்தில் நான்கு ஸ்வெட்டர் வாங்கினோம். தலைவழியாகப் போடும் மழை அங்கியான பாஞ்சோவும் அப்படித்தான், எடிசனில் டாலர் கடையிலேயே ஆளுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். கூட்டத்தில் குடை சரிப்படாது, பின்னால் வருகிறவர் கண்ணில் குத்தும்.

சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. நான் எலுமிச்சை சாதமும் மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் கட்டுவேன். ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் சுக்கு காப்பி. வாணவேடிக்கைக்குக் காத்திருக்கும்போது அத்தையின் இரண்டு கைக்கும் நடுவில் அந்த ஃபிளாஸ்க் மூடி இருக்கும், குடிப்பதைவிடப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் சுகம் என்பார். கைச்சூடு பொட்டலங்களும் நான்கைந்து வாங்கி வையுங்கள். உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றுப் பட்டால் சூடாகும். வேலை முடிந்ததும் காற்றை வெளியேற்றி ஜிப்லாக்கில் இறுக்கி மூடினால் நின்றுவிடும், மறுநாள் மிச்சத்தைப் பயன்படுத்தலாம். தோலில் நேராக வைக்காதீர்கள், பெரியவர்களுக்குச் சூடு உறைக்காமலே கொப்பளித்துவிடும்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நியூஜெர்சி ஜனவரியில் பாட்டிலில் கட்டியாக இருப்பதைப் பார்த்து அப்படியே துணிகளுக்கு நடுவில் செருகிவிடாதீர்கள். 76 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு அது உருகிவிடும். ஆர்லாண்டோவில் இறங்கிய முதல் மதியமே என் மகளின் தெர்மல் முழுக்க எண்ணெய். மூடியில் டேப் ஒட்டி, இரண்டு ஜிப்லாக்குக்குள் வையுங்கள். கொண்டுபோகாமலும் இருக்காதீர்கள், வாடைக்காற்றில் உதடும் கன்னமும் வெடிக்கும்.

திரும்பும் நாளுக்கான துணியைக் கிளம்பும் முன்பே யோசித்துவிடுங்கள். கனத்த கோட்டுகளை நூவர்க் விமான நிலையத்தில் நிறுத்தும் காரிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். கார் கதவு வரைக்கும்தான் சிக்கல், அதுவும் ஷட்டில் பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் வெளியில் நிற்க நேரும். அதனால் ஆர்லாண்டோவில் கடைசிக் காலை எவ்வளவு வெயில் அடித்தாலும் ஐந்து ஃபிளீஸ், ஐந்து மழைச் சட்டை, அத்தையின் மஃப்ளர், சின்னவனின் போர்வை எல்லாவற்றையும் கைப்பையில் மேலாக வைக்கிறேன். சரக்கில் போடும் பெட்டிக்குள் அவை போகாது. போன முறை இரவு பதினொன்றரைக்கு இறங்கியபோது 23 டிகிரி, செல்சியஸில் பூஜ்யத்துக்கு ஐந்து கீழே. சின்னவன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பஸ் வருவதற்குள் அத்தை போர்வையை எடுத்து அவன் காலைச் சுற்றி, கிளிப்பையும் போட்டுவிட்டார்.